ஊன்றுதடியில் போன கப்பல்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேரையும் எனக்கு அதிகம் தெரியாது. நீங்கள் வந்த கிழமையில் நான் போகிறேன். வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரியில் போதனாசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அரசாங்கச் சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆளும் நான்தான். விசுவமடுவில் வயலுக்குப் போகிற வழியில் காண்கிற எல்லோருக்கும் அப்பா இதைச் சொல்லி முடித்துவிட்டார். எனக்கும் பெருமைதான். ஆனால் இந்த மேசை லாச்சியில் இருந்து என் சாமான்களை எடுக்கக் கை வரவில்லை. பாதியை எடுத்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வெட்டுவது, ஒட்டுவது, மினுக்குவது எல்லாம் கை பழகப் பழக உங்களுக்கு வந்துவிடும். அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எங்கே வெட்டக்கூடாது, எதைச் செய்துகொடுக்கக்கூடாது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாம் செய்வது மாதிரிகள். குளம், பாலம், தேர், கோயில், பள்ளிக்கூடக் கண்காட்சிக்கான வாய்க்கால். ஆனால் பரந்தனில் செய்து பரந்தனிலேயே இருக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை. எல்லாம் பஸ் ஏற வேண்டியவை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முள்ளியவளைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஒரு குளம் செய்தேன். அணைக்கட்டு, தண்ணீர் திறந்துவிடுகிற துருசு, கீழே வயல், எல்லாம் ஒரே பலகையில். பஸ்ஸின் பின் சீற்றில் வைத்துக் கொண்டுபோனோம். வழியில் ஏறிய ஒரு மனுசி, இடம் வசதியாக இருக்கிறதே என்று, கொண்டுவந்த பலாப்பழத்தை அணைக்கட்டின்மேல் இறக்கி வைத்துவிட்டார். அதிபர் பார்த்துவிட்டு, "மழை பெய்யாமலே குளம் உடைஞ்சு போச்சே, தங்கச்சி," என்றார். அன்றிலிருந்து பிரித்து எடுத்துப்போய்ப் பொருத்துகிற மாதிரிதான் என் வேலை என்று ஆயிற்று. அதில் நான் கெட்டிக்காரி என்று பெயரும் எடுத்தேன். கப்பல் என்னிடம் வந்தது அந்தப் பெயரால்தான்.

ஒரு மத்தியானம் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். மூத்தவர் மெற்றில்டா அன்ரி. முல்லைத்தீவுக் கரையில் கருவாடு போட்டு விற்கிறவர். வெயிலில் கறுத்த, நிமிர்ந்த உடம்பு. கூட வந்தது அவருடைய தங்கையின் மகள் ஜெனிற்றா. கிளிநொச்சியில் துணிக்கடையில் நிற்கிற பிள்ளை, வாய் ஓயாது.

"இஞ்ச கப்பல் செய்வியளோ?" என்றார் அன்ரி.

"என்ன மாதிரிக் கப்பல், அன்ரி?"

"போர்க்கப்பல்."

முதலாளி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"பயப்பிடாதேங்கோ, ஐயா," என்றாள் ஜெனிற்றா. "பறங்கியின்ர காலத்துக் கப்பல். எங்கட மாதாவின்ர கப்பல்."

அவர்கள் ஊர்க் கோயிலில் ஒரு வழக்கம் இருந்ததாம். திருநாள் அன்று மாதாவின் சுருவத்தை, அதாவது சிலையை, தோளில் தூக்கி ஊர்வலம் வரும்போது, அதற்கு முன்னால் ஒரு கப்பல் போகும். பீரங்கி வைத்த பறங்கிப் போர்க்கப்பல். எப்போதோ ஒரு காலம் புயலில் அகப்பட்ட கப்பல் ஒன்று அந்தக் கரையில் ஒதுங்கியதாகவும், அதில் வந்தவர்கள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பீரங்கிகளைக் கடலில் தள்ளிவிட்டுப் போனதாகவும் கதை. கப்பலைத் தூக்குவது ஊர் இளந்தாரிகளின் உரிமை. அன்ரியின் மகன் யூட் ஒரு திருநாளில் முன்பக்கம் தூக்கியிருக்கிறான். அதுதான் கடைசித் தரம். பிறகு இடம்பெயர்வில் ஊரும் போனது, கப்பலும் போனது. ஊர் திரும்பி வந்தது. கப்பல் வரவில்லை. யூட்டும் வரவில்லை. அவன் பிரான்சில் இருக்கிறான்.

"பிரான்ஸ் பாஸ்போட் எடுத்திட்டான். இப்ப வரலாம்," என்றார் அன்ரி. "கேட்டால் அடுத்த வருஷம் எண்டுறான். அடுத்த வருஷமும் அதைத்தான் சொல்லுறான். அதுதான் நான் போறன். அவன்ர மூத்தவளுக்கு முதல் நன்மை, கோயிலில முதல்தரம் நற்கருணை வாங்கப்போறாள். மூண்டு மாசத்துக்கு விசா தந்திருக்கிறாங்கள்."

"அதுக்குக் கப்பல் ஏன், அன்ரி?"

"அங்க எங்கட ஊர்ச் சனம் ஒரு மண்டபம் எடுத்துத் திருநாள் செய்யினம். மாதா இருக்கிறா, கப்பல் இல்லை. நான் கொண்டுபோய் அவன்ர கையில குடுக்கப்போறன். கப்பலைக் கண்டால் அவனுக்கு ஊர் நினைப்பு வரும்."

"நினைப்பு வந்தால் போல? ரிக்கற் போடுவானோ?" என்றாள் ஜெனிற்றா.

"போடுவான்," என்றார் அன்ரி. "நீ வாயை மூடு."

ஆக, எனக்கு வந்த வேலை கப்பல் செய்வது மட்டும் அல்ல. வராத மகனை வரவைக்கிற கப்பலாக அது இருக்க வேண்டும். விமானத்தில் விடுகிற பெட்டிக்குள் அடங்கவும் வேண்டும். அதே பெட்டிக்குள் அன்ரியின் மிளகாய்த்தூள், ஒடியல் மா, நெத்தலிக் கருவாடு எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். அதில் ஒரு பிடிகூடக் குறைக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஒரு கிழமை இருந்து படம் கீறினேன். பழைய கப்பலின் மங்கிய படம் ஒன்று ஜெனிற்றாவின் கைத்தொலைபேசியில் இருந்தது, அதைப் பார்த்துத்தான். நல்ல படம். இப்போதும் சொல்வேன், நான் கீறியவற்றுள் அதுதான் திறம். நாலரை அடிக் கப்பல். நடுவே இரண்டு இடத்தில் குறுக்காக வெட்டி மூன்று துண்டு. ஒவ்வொன்றும் ஒரு பெட்டி மாதிரி, உள்ளே வெறுமை. அதற்குள்ளே கருவாட்டையும் அடுக்கலாம். அவர்கள் திரும்ப வந்தபோது பெருமையோடு விரித்துக் காட்டினேன்.

அன்ரி சிவப்புக் கோடுகளில் விரலை வைத்தார். "இது என்ன?"

"அதிலதான் வெட்டிப் பிரிக்கிறது. பிறகு அங்க போய் போல்ற் போட்டு இறுக்கினால் சரி."

"குறுக்காலயோ? ஏராவையுமோ?"

ஏரா என்பது அடிமரம். வள்ளத்துக்கும் கப்பலுக்கும் முதுகெலும்பு மாதிரி அடியில் நெடுக்காக ஓடுகிற மரம்.

"ஓம், ஏராவும் மூண்டு துண்டுதான்."

"வேண்டாம், பிள்ளை."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அது உறுதியாக நிற்கும், வெட்டு வெளியில் தெரியாது என்று விளக்கத் தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உறுதியா நிக்கும், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. எங்கட பக்கத்தில வள்ளத்தைக் குறுக்கால அறுக்கிறது எப்ப தெரியுமோ? சொந்தக்காரன் செத்துப் போட்டான், இனி அதை ஓட்ட ஆள் இல்லை எண்டால் அறுப்பம். பிறகு அது கோழிக்கூடு, விறகு. இவர், யூட்டின்ர தேப்பன், செத்த பிறகு இவற்ற வள்ளத்தையும் அப்பிடித்தான் அறுத்தது. வாளின்ர ஒரு பக்கம் நான் பிடிச்சனான். மற்றப் பக்கம் யூட். பதினாலு வயசு. அவன்ர கையில குறுக்கால அறுத்த கப்பலைக் கொண்டுபோய் நான் எப்பிடிக் குடுக்கிறது?"

ஜெனிற்றா படத்தைச் சுருட்டத் தொடங்கினாள்.

என் படம் அவருக்கு விளங்கவில்லை என்று அந்தக் கணம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் உடனே விளக்கத் தொடங்காதீர்கள். எதை வேண்டாம் என்கிறார் என்று ஒருதரம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றது என் படத்தை அல்ல, அந்த வாளை.

முதலாளியிடம் போனேன். ஏரா ஒரே மரமாக இருக்க வேண்டும், எந்தப் பெட்டிக்குள்ளும் அது அடங்காது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். "உனக்குத்தானே சேர்ட்டிபிக்கற் கிடக்கு, யோசி," என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான், நீங்களும் பழகிக்கொள்வீர்கள். ஆனால் அது கேலி இல்லை. தான் சொல்லிவிட்டால் நான் யோசிக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் அன்ரி, ஜெனிற்றா, நான் மூன்று பேரும் ஒன்றாகத்தான் பஸ்ஸுக்கு நின்றோம். முல்லைத்தீவு பஸ்ஸில்தான் நானும் விசுவமடுவுக்குப் போவது. பரந்தன் சந்தியில் தாயும் மகளும் போல அவர்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கென்ன கால் இல்லையோடி? நாள் முழுக்கச் சுடுமணலில நடக்கிற கால்."

"கால் இருக்கு, பெரியம்மா. வாயில இங்கிலீசு இருக்கோ? அந்த எயார்போட்டில வழி தெரியாமல் நிண்டால் ஆரிட்டைக் கேப்பியள்? வீல்செயார் எண்டு பதிஞ்சு விட்டால் தள்ளிக்கொண்டுபோய் யூட் அண்ணாவின்ர கையில குடுப்பாங்கள். எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் போறவை."

"என்னை இருத்தித் தள்ள நான் என்ன சுருவமோ?"

பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு வயதானவர், வளைந்த பிடியுள்ள தன் ஊன்றுதடியை மடியில் படுக்கையாக வைத்திருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுக்காக ஒரு மரம். ஒரு நுனியில் மேல்நோக்கி ஒரு வளைவு. ஏரா, அது மேலே எழும்புகிற இடத்தில் அணியம், அதாவது கப்பலின் முன்மூக்கு. அவர் மடியில் ஒரு கப்பலின் முதுகெலும்பு கிடந்தது.

"அன்ரி, நிமிர்ந்து நில்லுங்கோ," என்றேன். கைப்பைக்குள் இருந்த அளவுநாடாவை எடுத்து, அவர் உள்ளங்கையில் இருந்து நிலத்துக்கு அளந்தேன். சந்தியில் நின்ற சனம் முழுக்கப் பார்த்தது.

"என்ன, சவப்பெட்டிக்கோ அளக்கிறாய்?"

"இல்லை, கப்பலுக்கு. ஏராவை நீங்கள் ஊண்டிக்கொண்டு போகப்போறியள். வீல்செயாரில இருக்கிற ஆளிட்டைத் தடியைப் பறிக்க மாட்டாங்கள்."

அன்ரி என்னைப் பார்த்தார், ஜெனிற்றாவைப் பார்த்தார், பிறகு அந்த வயதானவரின் தடியைப் பார்த்தார். "அப்ப பதிஞ்சு விடடி, வீல்செயாரை," என்றார்.

இப்படியாக நாலரை அடிக் கப்பல் மூன்று அடிக்கும் குறைந்தது. அதன் நீளத்தைத் தீர்மானித்தது மெற்றில்டா அன்ரியின் உயரம். தேக்கில் தடி செய்தோம். நிலத்தில் ஊன்றும் நுனிக்கு ஒரு இறப்பர் மூடி. கப்பலின் விலா எலும்புகளான விலாக்கட்டைகள் வந்து உட்காரத் தடி நெடுகக் காடி, அதாவது சின்னப் பள்ளங்கள், வெட்டினேன். அவை தெரியாமல் இருக்க ஒரு துணி நாடாவைச் சுற்றினேன். மிச்சம் எல்லாம் பெட்டிக்கு: விலாக்கட்டைகள், பக்கப் பலகைகள், மேல்தட்டு, குடைக்கம்பி போல ஒன்றுக்குள் ஒன்று போகிற பாய்மரங்கள், மடித்த பாய்கள். எதையும் குறுக்காக அறுக்கவில்லை. எல்லாம் கழற்றியதுதான்.

ஒவ்வொரு விலாவிலும் அது போய் இருக்க வேண்டிய காடியிலும் ஒரே இலக்கத்தை எழுதினேன். பிரித்துப் பொருத்துகிற வேலையில் நான் ஒருபோதும் விடாத பழக்கம் ஒன்று: அங்கே போய்ப் பொருத்தப்போகிற ஆளை இங்கே வைத்துப் பொருத்தச் சொல்லிப் பார்ப்பேன். அன்ரியை இந்த மேசையடியில் இருத்தினேன். அவர் இலக்கத்தைப் பார்க்கவே இல்லை. முதலாவது விலாவை வைத்து, "இது கோயில்," என்றார். அடுத்ததை வைத்து, "இது செபமாலை அண்ணை வீடு." அடுத்தது, "இது கிணத்தடி." பிறகு, "இது பிலோமினா வீடு. பொல்லாத மனுசி, இறுக்கிக் குத்து." கோயிலில் இருந்து கரை நெடுக முன்பு இருந்த வீடுகளை, களப்பு முனை வரைக்கும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வைத்தார். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அவற்றில் பல வீடுகள் இப்போது இல்லை.

"இலக்கம் லேசுதானே, அன்ரி?" என்றேன்.

"உனக்கு லேசு," என்றார்.

இலக்கத்தை நான் அழிக்கவில்லை. ஆனால் அதன்பிறகு எந்த மாதிரிக்கும் துண்டுகளுக்குப் பெயர் வைக்கிற வேலையை வாங்குகிறவரிடமே விட்டுவிடுகிறேன்.

அடுத்த சிக்கல் பீரங்கிகள். பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து. விரல் நீளம், மரத்தில் கடைந்தவை. கறுப்புப் பூசி மினுக்கினால் அசல்தான். ஒன்றுக்குப் பூசிப் பார்த்தேன். ஜெனிற்றா அதைக் கையில் எடுத்துத் தூரப் பிடித்துப் பார்த்தாள்.

"பாஸ்போட்டில பிறந்த இடம் முல்லைத்தீவு. பெட்டியில பீரங்கி. பேர் போர்க்கப்பல். பெரியம்மா, உங்கட படம் பேப்பரில வரும், சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

அன்ரி சிரிக்கவில்லை. முதலாளியும் சிரிக்கவில்லை. நான் அன்று முழுக்க யோசித்தேன். பீரங்கி இல்லாமல் அனுப்பினால் அது மாதாவின் கப்பல் இல்லை, ஏதோ ஒரு கப்பல். மறைத்து அனுப்பினால் மறைத்ததே குற்றமாகத் தெரியும். கடைசியில், பூசிய கறுப்பைச் சுரண்டி எடுத்தேன். பத்தும் வெறும் மரமாகவே போகட்டும், கறுப்பு அங்கே போய்ப் பூசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். வெறும் மரத்தில் அவை பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் போலத்தான் இருந்தன. பிறகு கப்பலை முழுதாகப் பொருத்தி, படம் எடுத்து, பெரிதாகப் பிரதி எடுத்தேன். ஒன்று பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே, ஒன்று அன்ரியின் கைப்பையில். பெட்டியைத் திறக்கிற ஆளுக்குத் துண்டுகளை முதலில் காட்டாதீர்கள், முழுதைக் காட்டுங்கள். முழுதைக் கண்டவர் துண்டுகளைச் சந்தேகப்படுவது குறைவு.

"தடியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல?" என்று ஜெனிற்றா கேட்டாள். "முழங்கால் நோ எண்டு சொல்லுங்கோ, பெரியம்மா. கொஞ்சம் முகத்தைச் சுழிச்சுக் காட்டுங்கோ."

"உள்ளதைச் சொல்லுங்கோ," என்றேன் நான். "இது கப்பலின்ர ஏரா எண்டு சொல்லிப் படத்தைக் காட்டுங்கோ. உங்களுக்குப் பொய் வராது."

பெட்டியை நானேதான் அடுக்கினேன். பீரங்கிகளை ஒரு துணிப்பைக்குள் போட்டுக் கட்டி, மேல்தட்டின் கீழே வைத்ததும் நான்தான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தடியை வாங்கி இயந்திரத்துக்குள் விட்டார்களாம். காடிகள் திரையில் பல்லுப் பல்லாகத் தெரிந்திருக்கும். துணி நாடாவை அவிழ்க்கச் சொன்னார்களாம். அன்ரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே படத்தை எடுத்து நீட்டி, "கப்பல், பிள்ளை," என்று மட்டும் சொன்னாராம். அங்கே நின்ற உத்தியோகத்தர் பெண் படத்தையும் தடியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து நாடாவைத் திரும்பச் சுற்றி அன்ரியின் கையில் கொடுத்தார்களாம். நான் சுற்றியதைவிட வடிவாகச் சுற்றியிருந்தார்கள் என்று அன்ரி சொன்னார். அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

அவர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவுகிற நேரம் தொலைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு. அங்கே காலை. ஒரு சின்ன அறை, மேசை, கதிரைகளுக்கு நடுவே பெட்டி. மேசைக்கு முன்னால் தாடி வைத்த ஒரு மெலிந்த மனிதர். அவர்தான் யூட். தொலைபேசியைப் பிடித்திருந்தது அன்ரி, அதனால் பாதி நேரம் கூரைதான் தெரிந்தது.

"தங்கச்சி, நீங்களோ செய்தது? உண்மையில திறம்," என்றார் யூட். தடியைப் படுக்கையாக வைத்து, துணியை அவிழ்த்து, விரலால் நெடுகத் தடவிப் பார்த்தார். ஒரு நுனியில் இருந்து மறு நுனி வரைக்கும் தடவினார். நடுவில் ஒட்டு ஏதும் இல்லை என்று கண்டதும் நிமிர்ந்து தாயைப் பார்த்தார்.

அவர் விலாவைக் கையில் எடுத்து இலக்கத்தைத் தேடியபோது அன்ரி அதட்டினார். "நம்பரைப் பாக்காத. கோயிலடியில இருந்து சொல்லிக்கொண்டு வா."

"என்னத்தைச் சொல்லுறது?"

"வீட்டை. ஆற்ற வீட்டுக்குப் பக்கத்தில ஆற்ற வீடு."

யூட் சிரித்தார். பிறகு தொடங்கினார். "கோயில். செபமாலை மாமா வீடு. கிணத்தடி. பிறகு... பிலோமினா அன்ரி. ஐயோ, அந்த நாய்." அவருடைய மகள் பக்கத்தில் வந்து நின்று பிரெஞ்சில் ஏதோ கேட்டது. அவர் பிரெஞ்சில் பதில் சொன்னார். அதற்குள் 'பிலோமினா' மட்டும் எனக்கு விளங்கியது. பிள்ளை சிரித்தது. ஒரு விலாவில் அவர் நின்றுவிட்டார். கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"வலை வைக்கிற வாடி," என்றார் மெதுவாக. "அதுக்குப் பிறகுதான் எங்கட வீடு."

"ஓம்," என்றார் அன்ரி.

பலகைகள் ஏறின, தட்டு ஏறியது, பாய்மரம் நின்றது. பிள்ளை பாயைக் கட்டியது. மூன்று அடிக்கும் குறைந்த கப்பல்தான், ஆனால் அந்த அறைக்கு அது பெரிய கப்பல். முதலாளி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யூட் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். திரும்பவும் துழாவினார்.

"தங்கச்சி, பீரங்கி எங்க?"

துணிப்பை, மேல்தட்டின் கீழே, நானே கட்டி வைத்தேன். எயார்போட்டில் எடுத்துவிட்டார்களா? பொய் சொல்ல வேண்டாம் என்று நான் கொடுத்த புத்திதான் அன்ரியை மாட்டிவிட்டதா?

"ஆரும் எடுக்கேல்லை," என்றார் அன்ரி. "நான்தான் வெளிக்கிட முதல் எடுத்துத் தாட்டுப்போட்டு வந்தனான்."

"தாட்டுப்போட்டோ?" யூட் கதிரையில் இருந்துவிட்டார். "என்னம்மா, மரத் துண்டையோ? இன்னும் பயமோ உங்களுக்கு?"

நானும் அதைத்தான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் பயந்தால் புதைப்பது புதிய பழக்கம் இல்லை. ஜெனிற்றா சொன்ன பேப்பர் பகிடிதான் அவரைப் பயப்படுத்தியிருக்கிறது என்று அவளை மனதுக்குள் திட்டினேன்.

"பயமோ?" என்றார் அன்ரி. தொலைபேசியை மேசையில் சாத்தி வைத்தார் போல. முதன்முறையாக அவர் முகம் நேராகத் தெரிந்தது. "எனக்கென்ன பயம். மாதாவின்ர கப்பலைத் தடியா ஊண்டிக்கொண்டு வந்தனான். பீரங்கி மட்டும் போத்தலுக்கை போட்டு, மூடி இறுக்கி, மெழுகு ஊத்தி, எங்கட வளவில தாட்டுக் கிடக்கு. கிணத்துக்கும் முருங்கைக்கும் நடுவில. கறையான் தின்னாது. வந்து எடு."

பிள்ளை யூட்டையும் கப்பலையும் மாறிமாறிப் பார்த்தது. கப்பலின் பக்கத்தில் பீரங்கி வைக்கிற ஓட்டைகள் ஐந்தும் திறந்து கிடந்தன. பிள்ளை ஒரு ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டியது. அதற்குப் பிறகு யாரோ தொலைபேசியைக் கவிழ்த்துவிட்டார்கள்.

முதலாளி சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்காமல் கொஞ்ச நேரம் நின்றார். "கெட்டிக்காரி," என்றார். என்னைச் சொல்லவில்லை.

அன்ரி மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். அவர் போட்டு வைத்த நெத்தலியில் எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. யூட் வரவில்லை. அந்த வருடத் திருநாளுக்குக் கப்பல் மண்டபத்தைச் சுற்றி வந்த படத்தை ஜெனிற்றா காட்டினாள். பாய் விரிந்திருந்தது, பக்கங்களில் ஓட்டைகள் வெறுமையாக இருந்தன. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும், பீரங்கி எங்கே என்று கட்டாயம் கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு தரமும் யூட் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வருடத் திருநாளுக்கு முன்னால் அவரே பட்டறைக்கு அழைத்தார். "தங்கச்சி, பத்துப் பீரங்கி செய்து ஆரிட்டையாவது குடுத்துவிட ஏலுமோ? அளவு உங்களிட்டை இருக்கும்தானே."

அளவு இருந்தது. கடைவதற்கு அரை நாள் வேலை. பட்டறையில் அந்த மாதம் வேலை குறைவு என்பதும் எனக்குத் தெரியும். முதலாளி கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"செய்ய ஏலாது, அண்ணா," என்றேன்.

"ஏன்? மரம் இல்லையோ?"

"மரம் இருக்கு. உங்கட பீரங்கி செய்து முடிஞ்சுது. அது உங்கட வளவில கிடக்கு."

"அங்க வந்தால் எனக்கு நித்திரை வராது, தங்கச்சி," என்றார். அதற்கு என்ன சொல்வது என்று எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் படிப்பிக்கவில்லை. "அன்ரிக்கும் வாறேல்லை, அண்ணா," என்றேன். அவர் வைத்துவிட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "வாசலுக்கு வந்த வேலையைத் திருப்பி அனுப்பின முதல் ஆள் நீதான்," என்றார். நான் செய்தது சரியா என்று பல தரம் யோசித்திருக்கிறேன். நாம் விற்பது சாமான். ஆனால் அந்தக் கப்பலை என்னிடம் செய்விக்க வந்தது யூட் அல்ல, மெற்றில்டா அன்ரி. எந்தத் துண்டு எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர். நான் கப்பலை மரத்தில் பிரித்தேன். அவர் அதைத் தன் வளவிலும் மகனின் வீட்டிலுமாகப் பிரித்து வைத்திருக்கிறார். பொருந்துகிற இடம் ஒன்றுதான்.

இப்போது நான் போகிறேன். போன கிழமை முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறி, விசுவமடுவில் இறங்காமல் அப்படியே கரை வரைக்கும் போய் அன்ரியைப் பார்த்துவிட்டு வந்தேன். கருவாட்டைப் புரட்டிக்கொண்டு நின்றார். அந்த முருங்கையின் கீழே மட்டும் கூட்டியிருந்தது. "இந்த வருஷம் எண்டு சொல்லியிருக்கிறான்," என்றார். அடுத்த வருடம் என்று சொல்லவில்லை என்பதை நானும் கவனித்தேன், அவரும் கவனித்திருக்கிறார்.

ஆகவே உங்களுக்கு நான் விட்டுப்போகிற வேலை இதுதான். பிரான்சில் இருந்து ஒருவர் அழைத்து, பத்து மரப் பீரங்கி செய்து அனுப்பச் சொன்னால் செய்யாதீர்கள். எவ்வளவு கெஞ்சினாலும் செய்யாதீர்கள். ஆனால் ஒரு நாள் தாடி வைத்த ஒருவர் நேரில் வந்து, இந்த மேசையில் ஒரு போத்தலை வைத்து, மெழுகைச் சுரண்டித் திறந்து, உள்ளே இருப்பவற்றுக்குக் கறுப்புப் பூச வேண்டும் என்று கேட்டால், கையில் இருக்கிற எந்த வேலையையும் விட்டுவிட்டு அதைச் செய்யுங்கள். சின்னத் தூரிகையும் கறுப்புப் பெயின்ற் தகரமும் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. தகரத்தை அடிக்கடி ஆட்டிப் பாருங்கள். திறக்காமல் இருந்தாலும் காலம் போனால் உள்ளே கட்டிபட்டுவிடும். கட்டிபட்டால் புதிது வாங்கி அதே இடத்தில் வையுங்கள். நான் இரண்டு தரம் மாற்றியிருக்கிறேன். இப்போது இருப்பது புதிது.